புள்ளி கண்ணிலா, கண்ணாடியிலா?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிறிய ஊரில் ஒரு கண் கிளினிக். விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமரா ஒன்று, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் ஸ்கேன் செய்யும் ஓசிடி ஒன்று, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் இரண்டு, கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் ஒன்று. சில வாரங்களாக ஃபண்டஸ் படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது. ஓசிடியில் காலையில் நன்றாக வரும் சிக்னல் மதியத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. கம்பெனி இன்ஜினீயர் வரப் பத்து நாளாகும், வருகைக்கே தனிக் கட்டணம். நாங்களே எதுவரை கை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது?

கண் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. என்னைக் கூப்பிட்ட இடங்களில் பாதிக்குமேல் கருவிக்குள் எந்தப் பழுதும் இருந்ததில்லை. லென்ஸில் கை ரேகை, ஆடும் பிளக் பாயிண்ட், நிறைந்துபோன ஹார்டு டிஸ்க், கண் வறண்டுபோன நோயாளி, இப்படித்தான் முடியும். அதனால் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன்னால் கோளாறு எங்கே இருக்கிறது என்று நிரூபித்துவிடுங்கள். முதலில் கண், அடுத்து படம் எடுப்பவர் கை, அப்புறம் வெளிக் கண்ணாடி, கரண்ட், கம்ப்யூட்டர். இத்தனையும் தாண்டிய பிறகுதான் கருவியின் உள்பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

வெள்ளைத் திட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபண்டஸ் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இது எளிது. விழித்திரையைப் படமெடுக்க உள்ளே வெளிச்சம் விட வேண்டும். ஆனால் கருவிழியில் பட்டுத் திரும்பும் பளபளப்பு படத்தில் கலந்தால் எல்லாம் வெளுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை ஒரு வளையமாக்கிக் கண்பாவையின் ஓரமாக உள்ளே அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ஒளியை வளையத்தின் நடுவழியாக வெளியே எடுக்கிறார்கள். ஸ்வீடனின் குல்ஸ்ட்ராண்ட் இந்த வழியைக் காட்டியது 1910 வாக்கில். ஸைஸ் கம்பெனி 1926இல் அதை வைத்து கேமரா செய்து விற்றது. இன்று கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்துவிட்டாலும் அடிப்படை அதேதான்.

இதில் ஒரே ஒரு பலவீனமான இடம் உண்டு. நோயாளியின் கண்ணுக்கு எதிரே இருக்கும் முன் லென்ஸ் வழியாகத்தான் வெளிச்சம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். அதன்மேல் ஒரு தூசி இருந்தால், ஃபிளாஷ் அடிக்கும்போது அந்தத் தூசியே ஒளிர்ந்து கேமராவுக்குள் திரும்பும். ஆகவே முன் லென்ஸ் அழுக்கு படத்தில் வெள்ளையாக, ஓரம் மங்கிய திட்டாகத் தெரியும். சென்சார் மேல் உள்ள தூசி வெளிச்சத்தை மறைக்கும். அது கறுப்பாக, கூர்மையாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சோதிப்பது இப்படி. முதலில் பழைய படங்களைத் திறந்து, வெவ்வேறு ஆட்களின் வலக்கண், இடக்கண் படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். விழித்திரையில் உள்ள புள்ளி ஆளுக்கு ஆள் இடம் மாறும், கண் அசைந்தால் கூடவே நகரும். படச்சட்டத்தில் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பது கருவியின் புள்ளி. ஒரு கடலோர ஊர் கிளினிக்கில், ஒரே காலையில் மூன்று சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையில் ஒரே இடத்தில் பஞ்சுத் திட்டு, அதாவது பஞ்சு போல வெளுத்த நோய்த் திட்டு, இருப்பதாக டாக்டர் எழுதிவிட்டார். நான்காவது ஆள் அந்த கிளினிக்கின் வாட்ச்மேன், சர்க்கரையே கிடையாது. அவருக்கும் அதே இடத்தில் அதே திட்டு. அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

அடுத்து, அறையை இருட்டாக்கி, லென்ஸுக்கு முன் ஒன்றிரண்டு அடி தள்ளிக் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, ஃபிளாஷைக் கூட்டி ஒரு படம் எடுங்கள். லென்ஸ் சுத்தமாக இருந்தால் படம் ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். அழுக்கு இருந்தால் இரவு வானம் மாதிரி மினுக்கும். அப்புறம் உங்கள் கேமராவில் 45 டிகிரி, 30 டிகிரி என்று மாற்றும் வசதி இருந்தால் இரண்டிலும் படமெடுத்துப் பாருங்கள். திட்டின் அளவும் கூடவே மாறினால் அது முன்பக்கம் இருக்கிறது. அளவு மாறாமல் அதே இடத்தில் நின்றால் அது பின்னால், சென்சார் பக்கம். முன்பக்கம் உங்கள் வேலை, சென்சார் இன்ஜினீயர் வேலை.

இன்னொன்று, படத்தின் ஓரத்தில் பிறை வடிவில் வெண்மையோ நீலமோ படர்ந்தால் லென்ஸைத் துடைக்கப் போகாதீர்கள். அது தூரம் சரியில்லாததால், அல்லது கண்பாவை சிறியதாக இருப்பதால் வருவது. மருந்து விடாமல் எடுக்கும் கேமராக்களுக்குப் பொதுவாக 4 மி.மீ. அளவு பாவை வேண்டும். ஒரு கண்ணுக்கு ஃபிளாஷ் அடித்தால் இரண்டு பாவைகளும் சுருங்கும். உடனே அடுத்த கண்ணை எடுத்தால் மோசமாகத்தான் வரும். விளக்கை அணைத்து நாலைந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும்.

துடைப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த லென்ஸ்களில் தூசியால் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டதே அதிகம். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதாமல் நேராகத் துடைத்தால் தூசி மணல்தாள் மாதிரி கோட்டிங்கை உரசும். ஊதியும் போகாத கறைக்கு மட்டும் லென்ஸ் பேப்பர். அதை விரலில் படாதபடி மடித்து, நுனியில் லென்ஸ் துடைக்கும் திரவமோ சுத்தமான ஆல்கஹாலோ ஒரு சொட்டு விடுங்கள். எந்தத் திரவம் என்று கருவியின் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதையே கேளுங்கள். சொட்டை லென்ஸின் மேல் விடக் கூடாது. விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். நடுவில் தொடங்கிச் சுழித்துக்கொண்டே ஓரத்துக்கு வாருங்கள், கோலத்தில் சுழி போடுவது மாதிரி. ஓரத்துக்கு வந்ததும் அந்தப் பேப்பரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று. கடைசியில் லென்ஸில் மெல்ல ஆவி படுகிற மாதிரி ஹா என்று ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள். மூட்டம் ஒரே சீராக மறைந்தால் சுத்தம். கோடு கோடாக, திட்டுத் திட்டாக மறைந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. டிஷ்யூ பேப்பர், கைக்குட்டை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் பழைய துணி, புடவைத் தலைப்பு எதுவும் வேண்டாம். தினமும் துடைக்கவும் வேண்டாம். தினமும் ஊதலாம், தேவைப்பட்டால் மட்டும் துடைக்கலாம்.

அந்தக் கடலோர கிளினிக்கில் திட்டுக்குக் காரணம் விபூதி. நம் ஊர்க் கருவிகளுக்கென்று சில தனி நோய்கள் உண்டு, எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இருக்காது. நெற்றியைப் பட்டையில் வைக்கும்போது விபூதியும் சந்தனமும் உதிர்ந்து நேரே கீழே லென்ஸ் விளிம்பில் உட்காரும். தேங்காய் எண்ணெய் நெற்றிப் பட்டையில் ஊறி ரப்பரைப் பிசுபிசுப்பாக்கும். கண் மை வைத்த இமை லென்ஸைத் தொட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ஒரு ஈரப் பஞ்சைக் கொடுத்து, நெற்றியை ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை தனிக் கதை. ஒரு கிளினிக்கில் அட்டெண்டர் அக்கா பக்தியோடு எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். ஸ்லிட் லேம்பின் கண்ணாடிக்கும் ஒன்று. "சாமிக்குச் செய்றதுல என்ன சார் குறை வைக்கிறது" என்றார். திட்டுவதற்கு மனசு வரவில்லை. இப்போது அங்கே பூஜைக்கு முதல் நாளே கருவிகளுக்கு உறை போட்டு, உறைமேல் பொட்டு வைக்கிறார்கள். சாம்பிராணியை மட்டும் வேறு அறையில் காட்டச் சொன்னேன். அந்தப் புகை லென்ஸில் எண்ணெய்ப் படலமாகப் படியும், ப்ளோயருக்கெல்லாம் அசையாது.

பூஞ்சை இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி. லென்ஸை ஒரு டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. வெளிப்பரப்பில் ஆரம்ப நிலையில் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். உள்ளே போய்விட்டால் கோட்டிங்கையே அரித்து, கண்ணாடியில் தடம் விட்டுவிடும். அப்புறம் லென்ஸை மாற்ற வேண்டியதுதான். ஈரமும் இருட்டும் இருந்தால் அது வளரும். ஏசி அறையில்தான் இருக்கிறது, பயமில்லை என்று நினைக்காதீர்கள். நாளெல்லாம் குளிர்ந்த கண்ணாடி, சாயங்காலம் ஏசியை அணைத்துக் கதவைத் திறந்து போட்டுக் கூட்டிப் பெருக்கும்போது வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வியர்ப்பது மாதிரி. ஏசியை அணைத்த பிறகு கதவை மூடியே வைத்து, அறை மெல்ல வெளிச் சூட்டுக்கு வரட்டும். பெருக்குவதைக் காலையில் உறையைக் கழற்றுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும், சுவரில் மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் அது முடியாத ஊர்களில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கிவிடுவது மேல். ஒரு லென்ஸின் விலையைக் கேட்டால் அது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

உறைக்குள் சிலிக்கா ஜெல் பை வைக்கலாம். நீலமாக இருந்தது இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பு, வயிற்றுக்குள் போகக் கூடாதது. அப்புறம் பல்ப் சூடு ஆறும் முன் பிளாஸ்டிக் உறையைப் போட்டால் உள்ளேயே வியர்க்கும். அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

சரி, ஓசிடி. மதியத்துக்கு மேல் சிக்னல் இறங்குவது என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிதான் முக்கியம். கருவி கெட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குக் காலை, மதியம் தெரியாது. நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் கருவியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதே புகாரோடு ஒரு இடத்துக்குப் போனேன். ஒளி மூலம் தேய்ந்துவிட்டது, மாற்றப் பெரிய தொகை ஆகும் என்று முன்பே யாரோ சொல்லிவிட்டார்களாம். நான் கருவியைத் தொடவில்லை. ஓசிடி அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு மதியம் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்தேன். காலையில் புது நோயாளிகள், நேராக ஓசிடிக்கு வருகிறார்கள். மதியம் கண் அழுத்த நோயாளிகள் வரும் நேரம். அவர்களுக்கு முதலில் கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு, மஞ்சள் சாயம், அப்புறம் கருவிழியைத் தொட்டு அழுத்தம் பார்க்கிறார்கள். அதன்பின் பாவை விரிய மருந்து, அரை மணி நேரக் காத்திருப்பு, அப்புறம்தான் ஓசிடி. மரத்துப்போன கண் சரியாகச் சிமிட்டாது. கண்ணீர்ப் படலம் கலைந்து கருவிழி மேல் வறண்ட திட்டுகள் நிற்கும். மூட்டம் பிடித்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் கருவி பார்க்கிறது. அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணிடம், "ஒருத்தருக்கு மட்டும் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, நாலு தடவை சிமிட்டச் சொல்லி எடும்மா" என்றேன். சிக்னல் 10க்கு 5 காட்டிய இடத்தில் 8 வந்தது. "அண்ணா, இதுக்கா ரெண்டு மாசம் அலைஞ்சோம்" என்றது அந்தப் பெண். அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே ஓசிடி எடுப்பது என்று வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான். உங்கள் கிளினிக்கிலும் முதலில் இதைப் பாருங்கள்.

சிக்னல் குறைந்தால் படம் மங்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓசிடி செய்வது ஒளியின் எதிரொலியை வைத்து மைக்ரான் கணக்கில் தடிமன் அளப்பது. சிக்னல் குறைந்தால் விழித்திரையில் உள்ள பார்வை நரம்பு இழைப் படலத்தின் எல்லையைக் கருவியால் சரியாகப் பிடிக்க முடியாது. பெரும்பாலும் உள்ளதைவிட மெலிதாகக் காட்டும். அறிக்கையில் இயல்பு என்று பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மெலிவு என்று சிவப்பு. கண் டாக்டர்கள் இதைக் கேலியாக 'ரெட் டிசீஸ்' என்பார்கள், நோயில்லாத நோய். அதை நம்பிக் கண் அழுத்தச் சொட்டு மருந்தை ஆயுளுக்கும் எழுதிவிட்டால் யார் பொறுப்பு? ஸைஸ் கம்பெனியின் சிர்ரஸ் என்ற ஓசிடி கருவியில் சிக்னல் 10க்கு 6க்குக் கீழே இருந்தால் அந்த ஸ்கேனை நம்ப வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். மற்றக் கருவிகளுக்கு வேறு அளவுகோல்; உங்கள் கையேட்டில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கண்ணீர் சரியாக இருந்தும் சிக்னல் குறைந்தால் கண்புரை இருக்கிறதா, பாவை சிறிதா, தாடை சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கண்ணின் பவரைக் கருவியில் சரிக்கட்டினீர்களா என்று போங்கள். அதற்கும் அப்புறம் முன் லென்ஸ். இத்தனையும் சரி, காலை முதல் மாலை வரை, இளம் வயது ஊழியர் கண்ணிலும்கூட எண் குறைவாகவே வருகிறது என்றால்தான் கருவிக்குள் கோளாறு. ஒளி மூலம் தேய்ந்திருக்கலாம், உள்ளே ஒளியிழை மடங்கியிருக்கலாம். மேசையை இழுத்து நகர்த்திய பிறகு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். ஓசிடியை அறை மாற்றுவதென்றால் இன்ஜினீயர் இல்லாமல் வேண்டாம்.

ஓசிடி படம் தலைகீழாகக் கண்ணாடியில் தெரிவது போல மடங்கி வந்தால் பதற வேண்டியதில்லை. அதிக மைனஸ் பவர் உள்ள நீண்ட கண்களில் அது சகஜம். கருவியைச் சற்றுப் பின்னால் இழுத்தால் சரியாகும்.

கரண்டைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்த மாட்டேன், ஆகவே தேவையானதை மட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இந்தக் கருவிகளை ஓட்டாதீர்கள். பல இன்வெர்ட்டர்கள் சைன் அலை தருவதில்லை, கட்டம் கட்டமாக வெட்டிய அலையைத் தரும். ஃபிளாஷ் சார்ஜ் ஆகாமல் எரர் வரும், மின்விசிறி முனகும், ஒரு நாள் பவர் போர்டே போகும். ஆன்லைன் யுபிஎஸ் போடுங்கள். அதன் பேட்டரிக்கு வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதுங்கள், மூன்று வருடம் தாண்டினால் நம்பாதீர்கள். ஆட்டோகிளேவ், ஏசி, தண்ணீர் மோட்டார் எதுவும் அந்த லைனில் இருக்கக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 10, 15 காட்டினால் காரணமில்லாமல் ஹேங் ஆகும் கம்ப்யூட்டருக்கும் படத்தில் ஓடும் கோடுகளுக்கும் காரணம் கிடைத்துவிட்டது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பல கட்டடங்களில் எர்த் குழி எங்கே என்றே யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்துக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இடி மின்னல் நாட்களில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

பல்லியையும் சொல்ல வேண்டும். சூடான பெட்டி என்றால் அதற்குக் குளிர்கால வீடு. ஒரு ஸ்லிட் லேம்ப் மேசையைத் திறந்தபோது சர்க்யூட் போர்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி காய்ந்துபோய்க் கிடந்தது. ஃபியூஸ் மூன்று தடவை மாற்றியும் எரிந்ததற்கு அதுதான் காரணம். கருவி அறையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இருந்தால் எறும்பு வராது, எறும்பு வராவிட்டால் பல்லியும் வராது.

கம்ப்யூட்டரில் அடிக்கடி நான் பார்ப்பது மூன்று. ஒன்று, டிஸ்க் நிறைந்துபோவது. ஸ்கேன் எடுத்து முடித்துச் சேமிக்கும்போது தொங்கும், கருவி பழுது என்பார்கள். இரண்டு, யாரோ படத்தை எடுத்துப் போகக் கொண்டுவந்த பென் டிரைவில் வந்த வைரஸ். மூன்றாவது யாரும் கவனிக்காதது: தேதி. மதர்போர்டில் உள்ள சின்னப் பட்டன் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ஓசிடி நோயாளியின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, அந்த வயது ஆட்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. அறுபது வயதுக்காரரை நாற்பது வயதாக நினைத்துக்கொண்டால் அவருடைய இயல்பான நரம்புத் தடிமனும் குறைவாகத் தெரியும். மறுபடியும் அதே ரெட் டிசீஸ். காலையில் கருவியைப் போட்டதும் முதலில் தேதியைப் பாருங்கள். படங்களின் பிரதியை வேறொரு டிஸ்க்கில் வாரம் ஒரு தடவை எடுத்து, ஒரு படத்தைத் திறந்தும் பாருங்கள். பேக்கப் ஓடுகிறது என்று நம்பியிருந்துவிட்டு, தேவைப்பட்டபோது காலிக் கோப்புறையைப் பார்த்தவர்கள் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

கை ரத்தக் குழாயில் சாய ஊசி போட்டு விழித்திரை ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஃபுளோரசின் ஆஞ்சியோ உங்கள் கேமராவில் உண்டென்றால் ஃபில்டர்களையும் கவனியுங்கள். நீல ஃபில்டர் வழியாகப் போகும் ஒளி சாயத்தைத் தூண்டும். சாயம் பச்சை மஞ்சளாக ஒளிரும். இரண்டாவது ஃபில்டர் நீலத்தைத் தடுத்து, சாயத்தின் ஒளியை மட்டும் விடும். வயதான ஃபில்டர் கசியும். சாயமே இல்லாத இடம் ஒளிர்வது போலத் தெரியும். ஊசி போடும் முன் இரண்டு ஃபில்டரையும் போட்டு ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட இருட்டாக இருக்க வேண்டும். இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தால் ஃபில்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பார்வை நரம்புத் தட்டில் ட்ரூசன் படிவு இருந்தால் அது மட்டும் தானாக ஒளிரும், அதைக் கருவிமேல் போடாதீர்கள்.

ஸ்லிட் லேம்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல்ப் மினுக்கினால் உடனே புது பல்ப் வாங்காமல், சாக்கெட்டில் கரி பிடித்திருக்கிறதா பாருங்கள். ஹாலஜன் பல்பைப் பேப்பரால் பிடித்து மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கும். ஜாய்ஸ்டிக் இறுகினால் அடியில் உள்ள தட்டைத் துடைத்து, அச்சில் தையல் மெஷின் எண்ணெய் மிக லேசாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கம் இருக்கும். துடைத்தால் பூச்சு கையோடு வரும். ஊதுவதோடு நிறுத்துங்கள்.

ஏ-ஸ்கேனை ஒவ்வொரு நாள் காலையிலும் கூட வந்த சோதனைக் கண்ணில் வைத்து அளந்து எண்ணை எழுதுங்கள். கண் நீளத்தில் 1 மி.மீ. தவறினால் கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (பவரின் அலகு) தவறும். சோதனைக் கண்ணில் சரியாக வந்து நோயாளிக்கு மட்டும் அளவு குறைந்து வந்தால், கோளாறு ப்ரோபைக் கருவிழியில் அழுத்தும் கையில்தான்.

தொடக் கூடாதவை என்று கேட்டீர்கள். ஃபிளாஷ் உள்ள எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள். அதிலுள்ள கண்டன்சர் அணைத்து வெகுநேரம் கழித்தும் சில நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஆளை அடித்துவிடும். ஓசிடியின் மூடியைக் கழற்றவே வேண்டாம், உள்ளே எல்லாம் மைக்ரான் கணக்கில் நிறுத்தி வைத்தவை. மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் தாடை வைக்கும் இடத்தையும் நெற்றிப் பட்டையையும் ஒவ்வொரு ஆளுக்குப் பின்னும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டியதுதான். ஆனால் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். ஸ்ப்ரே அடித்தால் லென்ஸில் தெறிக்கும். உங்களில் ஒருவருக்கு இதில் ஆர்வம் இருந்தால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் கருவிப் பராமரிப்புக்கென்றே பயிற்சி நடத்தி வந்திருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும், கருவிக்கு ஒன்று. எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், மாதிரிக் கண் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கிளினிக்கிலேயே ஒருவரின் வலக்கண்ணில், மருந்து விடாமல் ஒரு படமும் ஒரு ஸ்கேனும் எடுங்கள். ஃபிளாஷ் அளவு, சிக்னல் எண், தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அதே ஆள், அதே கண், அதே அளவு. அதே வெளிச்சத்துக்கு ஃபிளாஷைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால் ஃபிளாஷ் குழாய் தேய்கிறது என்று மூன்று மாதம் முன்பே தெரிந்துவிடும். எரர் வந்தால் முதலில் திரையை போனில் படமெடுங்கள், அப்புறம்தான் அணைப்பது. பலர் அணைத்துப் போட்டுவிட்டு, "ஏதோ சிவப்பா வந்துச்சு சார்" என்பார்கள். கருவியின் மாடல், சீரியல் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, நீங்கள் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதோடு போன் செய்தால், சரியான உதிரிப்பாகத்தை எடுத்துக்கொண்டு இன்ஜினீயர் ஒரே தடவையில் வருவார்.

ஒப்பந்தம் போடும்போது ஏஎம்சியா (வருடாந்திரப் பராமரிப்பு), சிஎம்சியா (முழுப் பராமரிப்பு) என்று பாருங்கள். முதலாவதில் பொதுவாக உதிரிப்பாகம் சேராது. இரண்டாவதிலும் பல்ப், பேட்டரி, கம்ப்யூட்டர் விலக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும். எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்கள் பத்து நாள் அங்கேதான் குறையும். வந்தவர் வேலையை முடித்துப் பையைக் கட்டும்போது காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அதே ஆளின் அதே கண்ணில் ஒரு படம் எடுத்து நோட்டில் உள்ள பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாம்.